கை நனைக்காத வெள்ளிக்கிழமைகள்

என் வீட்டுக்காரர் காலில் எறும்பு மொய்த்துக் கிடந்த அந்தச் சாயங்காலத்திலிருந்து ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்கிற இந்தச் சாட்சியைத் தொடங்குகிறேன். போன வருஷம் வைகாசி மாசம். மலையிலிருந்து இறங்கிய பஸ் என்னைக் காளப்பநாயக்கன்பட்டியில் விட்டபோது விளக்கு வைக்கிற நேரம். கதவைத் திறந்தேன். கட்டில் காலியாக இருந்தது. அவர் தரையில் குப்புறக் கிடந்தார்.

தண்ணீர் பாட்டில் கை தவறி உருண்டிருக்கிறது. எட்டி எடுக்கப் பார்த்து விழுந்திருக்கிறார். காலையில் நான் பஸ் ஏறிப் போன கொஞ்ச நேரத்திலேயே விழுந்தவர், நான் திரும்பி வரும் வரைக்கும் அப்படியே கிடந்திருக்கிறார். எங்கள் மகள் ஷைனி பள்ளி விடுமுறைக்கு என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். வலது பாதத்தில் எறும்பு கடித்துக் கடித்துத் தோல் வெந்துபோயிருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை. இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது.

"ஏன் சத்தம் போடல? பக்கத்துல யாராவது வந்து தூக்கியிருப்பாங்களே" என்றேன்.

"இந்தக் கோலத்துல என்னைய யாரு வந்து பாக்கோணும்?" என்றார்.

எறும்பைத் தட்டினேன். கழுவித் துடைத்தேன். கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தேன். பிறகு சமையல் கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் பேசினேன். அதை ஜெபம் என்று சொல்ல மாட்டேன். சண்டை. "நான் இங்கே இருந்தால் சோறு இல்லை, அங்கே போனால் இவர் இல்லை. என்னதான் செய்யச் சொல்கிறீர்?" என்று கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. சோற்றுக்கு உலை வைத்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ரூபி. தெற்கத்திக்காரி. கொல்லிமலையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை. என் வீட்டுக்காரர் ஜெபராஜ் லாரி டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், லோடு மேலே ஏறித் தார்ப்பாய்க் கயிறு இறுக்கும்போது கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். முதுகெலும்பு போய்விட்டது. அன்றிலிருந்து கட்டில். எங்களுக்கு ஒரே பெண், ஷைனி, எட்டாம் வகுப்பு.

முதுகெலும்பு போனவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். நான் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவேன். தூரத்தைக் கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி எழுபது வளைவு இறங்க வேண்டும். மதியம் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போகிற தூரமா அது? பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் மதியம் வந்து திருப்பிவிடுவார். அவரும் மகன் வீட்டோடு ஈரோட்டுக்குப் போய்விட்டார். சமவெளிக்கு மாறுதல் கேட்டு எழுதிப் போட்டேன், இடம் காலியில்லை. வேலையை விட்டுவிடலாமென்றால் மூன்று வயிறும் அந்த ஒரு சம்பளத்தில்தான் ஓடுகிறது.

அதனால் நான் ஆண்டவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மலை மேலேயே, ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து போய் வருகிற தூரத்தில் ஒரு வீடு. என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வாடகை. படி இல்லாத வாசல். பக்கத்தில் தண்ணீர். மதியம் போய் அவருக்கு ஒரு வாய் சோறு போட்டு, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு வர வேண்டும். பங்களாவா கேட்டேன்?

முதலில், ஆஸ்பத்திரி இருக்கிற மலையூரான செம்மேட்டில் தேடினேன். கடைவீதியில் காலி வீடு கண்ணில் பட்டால் உடனே போய்க் கேட்பேன். அங்கே நிலவரம் வேறு. சுற்றுலாக்காரர்கள் சனி ஞாயிறு வந்து தங்கிவிட்டு, நான் ஒரு மாசத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தை இரண்டு நாளில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எந்த வீட்டுச் சொந்தக்காரர் எனக்குக் கொடுப்பார்? கொடுக்கிறேன் என்ற ஒன்றிரண்டு வீடும் மாடியில். படி ஏற்றி அவரை யார் தூக்குவது? ஆஸ்பத்திரிக் குடியிருப்பிலும் இடம் இல்லை. ஆனி பிறப்பதற்குள் செம்மேடு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்கள். மிளகுக் கொடியும் மரவள்ளியும் பயிர் வைக்கிற மலைக்காரர்களின் வீடுகள்.

எங்கள் சபையின் போதகரம்மா என் நிலைமையைக் கேட்டுக் கண்ணீர்விட்டார். "சிஸ்டர், இது சாதாரண ஜெபத்துல போகாது. உபவாசம் எடுங்க. வீடு பாக்கப் போற நாள் வயித்தக் காலியா வச்சுக்கிட்டுப் போங்க" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. வெள்ளிக்கிழமைகளில் எனக்குச் சீக்கிரம் வேலை முடியும். கடைசி பஸ்ஸுக்குள் இரண்டு மூன்று ஊர் சுற்றலாம். அதனால் வெள்ளிக்கிழமை உபவாசம், வெள்ளிக்கிழமையே வீடு பார்ப்பது என்று தீர்மானம் பண்ணினேன். ஒரு விஷயம் மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டேன். உபவாசம் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவே இருக்க வேண்டியது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியக் கூடாது. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்தது. அதில் நான் கறார்.

முதல் வெள்ளிக்கிழமையே ஒரு வீடு அமைந்தது போல இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பத்து நிமிஷ நடை. பழனியாயி என்று ஒரு அம்மாள், என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவர்களுடைய மகன் கட்டிய வீடு. மகன் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதால் பூட்டிக் கிடந்தது. இரண்டு அறை, சிமெண்ட் தரை, வாசலில் அரைச்சாண் உயரம்கூட இல்லை. பின்னால் குழாய். உள்ளே நின்று பார்த்தபோதே எந்த மூலையில் கட்டில் போடுவது என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. ஜன்னல் பக்கம் போட்டால் அவருக்குப் பலா மரம் தெரியும்.

பழனியாயி தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார். பலாச்சுளை ஒரு தட்டு நிறைய. "சோறும் ஆயிருச்சுங்க. சாமைச் சோறு. அவரைக் கொழம்பு. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க."

"இல்லீங்க, வேண்டாங்க" என்றேன் சிரித்த முகமாக.

"ரெண்டு சுளையாச்சும்?"

"வேண்டாங்க, வயிறு நிறைஞ்சிருக்கு."

அவர் கணவர் சடையன் முற்றத்தில் கூடை பின்னிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். வாடகையைக் கேட்டேன். எனக்குக் கட்டுப்படியாகிற தொகைதான் சொன்னார்கள். வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "எப்பங்க குடி வரட்டும்?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டுச் சொல்றோங்க" என்றார் சடையன்.

ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே பஸ் ஏறினேன். அடுத்த வாரம் போய்க் கேட்டேன். "இன்னும் கேக்கலீங்க." அதற்கடுத்த வாரம், "பையன் போன் எடுக்கலீங்க." மூன்றாவது தடவை போகவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

அதற்குப் பிறகு எத்தனை வீடு! ஒவ்வொரு ஊரிலும் நல்ல வார்த்தை சொல்லி உட்கார வைப்பார்கள். கருப்புக் காப்பி வரும், வேக வைத்த மரவள்ளிக் கிழங்கு வரும், பழம் வரும். ஒவ்வொன்றையும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்பேன். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியில் அதே வார்த்தை, "கேட்டுச் சொல்றோங்க". யாரும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொன்னதில்லை. யாரும் சாவியும் கொடுத்ததில்லை. ஒரு ஊரில் நான் பாதையில் வருவதைப் பார்த்ததுமே, "அந்த ஊட்டுல மூட்டை அடுக்கியாச்சுங்க" என்று தூரத்திலிருந்தே சத்தம் வந்தது.

போதகரம்மாவிடம் சொல்லி அழுதேன். "இன்னும் ஊக்கமா எடுங்க சிஸ்டர்" என்றார். சரியென்று தண்ணீரையும் நிறுத்தினேன். ஆடி மாசத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. மேட்டில் ஏறி மூச்சு வாங்க ஒரு வீட்டில் போய் நிற்பேன். செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதையும் கும்பிட்டு மறுத்துவிடுவேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என் விசுவாசத்தைப் பார்த்து ஆண்டவர் இரங்காமலா போவார் என்று நினைப்பு.

இரங்கவில்லை. ஆவணி போனது, புரட்டாசி போனது. என் மனசுக்குள் ஒரு கசப்பு வேர்விட்டது. ஏன் எனக்கு வீடு கிடைக்கவில்லை என்பதற்கு நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முடங்கிப்போன மனுஷனை வீட்டில் வைத்தால் ஆகாது என்று நினைக்கிறார்கள். இல்லையென்றால் நாங்கள் வேதக்காரர்கள் என்பது பிடிக்கவில்லை. இதுதான் காரணம் என்று சாதித்தேன். மருந்து வாங்க வருகிற முகங்களைப் பார்க்கும்போதெல்லாம், "உங்கள் காய்ச்சலுக்கு மட்டும் நான் வேண்டும், குடியிருக்க நான் வேண்டாமா?" என்று உள்ளுக்குள் எரிந்தேன். மாத்திரையை எண்ணிக் கொடுக்கிற கையில் அன்பு இல்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். அவர் முதுகில் புண் வந்துவிட்டது. உள்ளங்கை அகலம். மருந்து வைத்துக் கட்டினால் ஆறுகிற மாதிரி இருக்கும், மறுபடி வாய் திறக்கும். ஆளும் இளைத்துக்கொண்டே போனார். கன்னம் ஒட்டிவிட்டது. காலையில் நான் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிற சோறு சாயங்காலம் அப்படியே இருக்கும். தண்ணீர் பாட்டிலும் அப்படியே. பசிக்கவில்லை என்பார். நான் நம்பினேன். ஒரு நாள் ஷைனி என்னிடம் தனியாக வந்து சொன்னாள்.

"அம்மா, அப்பாவுக்குப் பசிக்குதும்மா. சாப்பிட்டா வெளிக்குப் போயிரும், நீங்க வர்ற வரைக்கும் அதுலயே கிடக்கணும்னுதான் சாப்பிட மாட்டேங்கிறாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

அவள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். மறுநாள் அவள் வகுப்பு டீச்சர் போன் செய்தார். ஷைனி மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருப்பதே இல்லையாம். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்க ஓடி வந்திருக்கிறாள். வளர்ந்த ஆணைத் திருப்புகிற வயதா அவளுக்கு? அவளால் முடிந்தது அவ்வளவுதான். திருப்பிவிட்டு, முகம் துடைத்துவிட்டு, கேட்டால் பள்ளிக்கூடம் நல்லாப் போச்சு என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அன்று ஜெபராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரூபி, என்னைய எங்கயாச்சும் ஒரு இல்லத்துல சேத்து உட்ரு. புள்ளைய ஹாஸ்டல்ல போடு. நீ செம்மேட்டுல ஒரு ரூம் எடுத்துக்க. மூணு பேருக்கும் அதான் நல்லது."

நான் இல்லை என்று சொல்லவில்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. "பாக்கலாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து, தூரத்து ஊரில் ஆதரவற்றோரைப் பார்த்துக்கொள்கிற ஒரு இல்லத்துக்கு நானே போன் செய்தேன். இடம் இருக்கிறதாம். திங்கட்கிழமை கூட்டி வரச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தில் எனக்கு உடனே சரி என்று சொன்னார்கள். அது இந்த இடம்.

சபையில் யாரிடமும் சொல்லவில்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேனோ. ஆண்டவரிடம் மட்டும் சொன்னேன். "நீர் வீடு தரவில்லை. குடும்பத்தை நானே மூன்றாகப் பிரிக்கிறேன். இனிமேல் உம்மிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை." அதற்குப் பிறகு நான் ஜெபிக்கவில்லை.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் உபவாசம் இருக்கவில்லை. யாருக்காக இருப்பது? ஆனால் காலையில் சமைக்கவும் மனசில்லை, மதியம் டப்பாவில் கொண்டுபோனதும் ஒன்றுமில்லை. ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்தது. வேலை முடிந்து பஸ்ஸுக்கு வந்து நின்றால், கீழே ஒரு வளைவில் மரம் சாய்ந்து பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது என்றார்கள். வெட்டி எடுக்க இருட்டிவிடுமாம். வீட்டில் ஷைனி இருந்தாள். போன் பண்ணிச் சொன்னேன். ஒதுங்கி நிற்க இடம் பார்த்தபோது, குடையைப் பிடித்துக்கொண்டு எதிரே பழனியாயி வந்தார். சந்தைக்கு வந்தவர்.

"ஏனுங்க, இப்படி நனையறீங்க? வாங்க ஊட்டுக்கு. பஸ் வந்தா ஆரன் சத்தம் அங்கயே கேக்கும்."

மறுக்கத் தெம்பில்லை. கூடவே நடந்தேன். இனிமேல் இவர்களிடம் எனக்கு வீடும் வேண்டாம், விசாரிப்பும் வேண்டாம் என்ற நினைப்பு. அடுப்புப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார வைத்தார். களி கிண்டி இறக்கி வைத்த வாசனை. எதிரில் தட்டை வைத்துவிட்டு, கையில் கரண்டியோடு தயங்கி நின்றார்.

"நீங்க சாப்புட மாட்டீங்க... இருந்தாலும் கேக்கோணுமில்லீங்களா? களி இருக்குது. கீரைக் கொழம்பு."

"போடுங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். ஒரு உருண்டை வைத்தார். நான் தின்ற வேகத்தைப் பார்த்து இன்னொன்று வைத்தார். பச்சை மிளகு தட்டிப் போட்ட ரசம் ஊற்றினார். தொண்டையெல்லாம் எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. அது மிளகால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை. விக்கி விக்கி அழுதுகொண்டே மூன்றாவது உருண்டையும் சாப்பிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை.

பழனியாயி வாசல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "ஏனுங்க, இங்க வந்து பாருங்க! மருந்து குடுக்கிற அம்மா நம்ம ஊட்டுல சாப்புடறாங்க!"

சடையன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஏதோ அதிசயம் போல இரண்டு பேரும் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"இதுல என்னங்க இருக்கு?" என்று கேட்டேன்.

பழனியாயி படபடவென்று பொரிந்து தள்ளினார். "அன்னிக்கு வந்தப்ப ஒரு சுளை தின்னீங்களா? சரி, சோறு வேண்டாம். அப்புறம் ரெண்டு தடவ வந்தீங்க, ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடிச்சீங்களா? எங்க ஊட்டுத் தண்ணி ஆகாதவங்க எங்க ஊட்டுல எப்படிங்க குடியிருப்பீங்க? எதமாப் பேசறாங்க, ஆனா ஊடு புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நாங்க உட்டுட்டோம்."

"புடிக்கலைன்னு நான் எப்பங்க சொன்னேன்?"

"வாயில சொல்லோணுமா? பொண்ணு பாக்கப் போன எடத்துல புடிச்சிருந்தாத்தான் கை நனைப்பாங்க. புடிக்கலைன்னா தண்ணியக்கூடத் தொடாம எந்திரிச்சு வந்துருவாங்க. எங்களுக்கு ஊடு குடுக்கறதும் அப்படித்தானுங்க. எல்லா ஊர்லயும் இதேதான் சொன்னாங்க, அந்தம்மா எங்கயும் கை நனைக்கறதில்லைன்னு. கீழ நாட்டுக்காரங்க எங்க சோத்தத் தொட மாட்டாங்கன்னு நாங்களே தேத்திக்கிட்டோம்."

பெண் பார்க்கிற இடத்தில் கை நனைக்கிற வழக்கம் எனக்குத் தெரியாததில்லை. எங்கள் பக்கமும் உண்டு. வீடு பார்க்கிற இடத்திலும் அதே கணக்குத்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உபவாசத்தைப் பற்றி முதல் தடவையாக வாய் திறந்தேன். எறும்பு மொய்த்த காலிலிருந்து திங்கட்கிழமை இல்லத்துக்குப் போகப் போவது வரைக்கும் எல்லாம் சொன்னேன். வீடு கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் சாப்பிடாமல் வந்தேன் என்றேன்.

பழனியாயி கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்படின்னா... ஊடு வேணுமின்னு பட்டினி கெடந்துட்டு, ஊடு குடுக்கறவங்க போட்ட சோத்த வேண்டாமின்னு சொல்லிட்டே போனீங்களா கண்ணு?"

சடையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பழனியாயி வாயில் முந்தானையை வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் கதையைச் சின்ன வயதில் கேட்டு எவ்வளவு சிரித்திருப்பேன்! அவள் நான்தான்.

சிரித்து முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இவ்வளவு மாசத்தில் அந்த வீட்டை யாருக்காவது கொடுத்திருப்பார்களே. அதையும் கேட்டேன்.

"ஒரு லாட்ஜ்காரரு வந்து கேட்டாருங்க. ரொம்பக் குடுக்கறேன்னாரு" என்றார் சடையன். "வாரத்துக்கு ஒரு ஆளு வந்து குடிச்சுப்போட்டு பாட்டில ஒடைச்சுட்டுப் போறதுக்கா எம் பையன் ஊடு கட்டுனான்? குடும்பம் இருக்கோணுமுங்க. மெளகு மூட்டை ரெண்டு போட்டு வெச்சிருக்கறேன். நாளைக்குக் காலைல எடுத்தர்றேன்."

"அவரால நடக்க முடியாதுங்க. முன்னாடியே சொல்லியிருக்கேன்" என்றேன், அப்போதும் நம்பாமல்.

"அதானுங்க எங்களுக்கு ரொம்ப வருத்தம்" என்றார் பழனியாயி. "ஒடம்புக்கு முடியாத மனுசன வெச்சிருக்கறாங்க, அவசரத்துக்கு ஊடு தேடறாங்க, அப்பவும் நம்ம ஊடு ஆகலையேன்னு."

நான் காரணம் காரணமாக அடுக்கி வைத்திருந்தேனே, அது அத்தனையும் பொய். அவர்கள் எங்களைத் தள்ளவில்லை. நாங்கள் தள்ளியதாக நினைத்து அவர்கள்தான் நொந்துபோயிருந்தார்கள். அந்தப் பலகையிலேயே நான் ஆண்டவரிடம் மறுபடி பேசினேன். கை கழுவாமலே பேசினேன். மன்னியும் என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை இல்லத்துக்குப் போகவில்லை. அன்றைக்கு அவரோடு லாரி ஓட்டின நண்பர்கள் இரண்டு பேர் ஒரு வேனில் மெத்தை போட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். வளைவுக்கு வளைவு நத்தை போல ஏறினோம். அவர் கண்ணை மூடவே இல்லை. லாரி ஓட்டினவர் அல்லவா, "செகண்ட் போடு, இங்க பிரேக்க நம்பாத" என்று படுத்தபடியே டிரைவரை விரட்டிக்கொண்டு வந்தார். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது!

எழுந்து நடக்கிறாரா என்று சபையில் கேட்கிறார்கள். இல்லை. நடக்கவில்லை. நடப்பார் என்று டாக்டர் சொல்லவும் இல்லை. அற்புதத்தை மட்டும் எதிர்பார்த்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் சாட்சி சின்னதாகத்தான் தெரியும். மார்கழிக் குளிரில் அவருக்கு மூச்சு முட்டி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இப்போதும் சில நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், பேச மாட்டார். அந்த நாட்களில் எனக்கும் பழைய கசப்பு எட்டிப் பார்க்கிறது. ஆனால் முதுகுப் புண் மூடிவிட்டது. ஷைனி இங்கேயே பள்ளியில் சேர்ந்துவிட்டாள், சாயங்காலம் மணி அடித்த பிறகுதான் வீட்டுக்கு வருகிறாள். நான் வேலையில் இருக்கும்போது சடையன் ஜன்னல் பக்கம் கூடையை எடுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறார். இரண்டு பேரும் லாரி விலை, மிளகு விலை எல்லாம் பேசித் தீர்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாசத்தை நான் விடவில்லை. ஆனால் அன்று யாராவது கூப்பிட்டு ஒரு வாய் சாப்பிடச் சொன்னால், உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவேன். உபவாசத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்வேன். ஆண்டவர் இதற்கெல்லாம் கோபிக்கிறவர் இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் இருக்கலாம். ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று நானும்தான் மாசக்கணக்கில் வானத்தைப் பார்த்துச் சண்டை போட்டேன். கேட்ட முதல் வெள்ளிக்கிழமையே அவர் பதிலைத் தட்டில் வைத்து என் முன்னால் நீட்டினார். நான்தான் வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறமும் ஒவ்வொரு வீட்டிலும் நீட்டினார். தண்ணீராக நீட்டினார். கடைசியில், நான் அவரை வேண்டாம் என்று விட்ட வாரத்தில்கூட அவர் என்னை விடவில்லை, குடை பிடித்துக்கொண்டு எதிரே ஆள் அனுப்பினார். என்னைப் போன்ற பிடிவாதக்காரிக்கே அவர் இத்தனை தடவை நீட்டினார் என்றால் உங்களைக் கைவிட மாட்டார். நம்புங்கள். பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் போய் உட்காருங்கள்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. பத்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் பசியோடு காத்திருப்பார்.